அரிசோனாவில் வில்லன்… காங்கேயத்தில் ஹீரோ! ஒரு புல்லின் கதை

திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாகத் தாராபுரம் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் அதைப் பார்த்திருப்பார்கள். முள்வேலி சூழ்ந்த, மஞ்சளாகக் காய்ந்த புல்வெளி. ஆங்காங்கே சில மரங்கள். மே மாதத்தில் பார்த்தால் ‘சும்மா கிடக்கிற தரிசு’ என்றுதான் தோன்றும். நிலம் வாங்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பிரச்சினையே அங்குதான்.

அது தரிசு இல்லீங்க, கொறங்காடு. கொங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் மேய்ச்சல் நிலம். பெரும்பாலும் பட்டா நிலம்தான். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் அதிகம். கரூர், திண்டுக்கல் வரை நீள்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும், மழை பெரிதாக வராது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. அதற்கேற்ற மூன்று செடிகளை வைத்தே கொறங்காடு அமைந்திருக்கிறது.

வேலிக்கு முள்கிளுவை. குச்சியை வெட்டி நட்டாலே வேர்பிடித்து, ஆடு நுழைய முடியாதபடி அடைந்துவிடும். இயேசு பிறந்தபோது ஞானிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் எடுக்கப்படும் மரம், இந்தக் கிளுவைக்குச் சொந்தக்காரன். இரண்டும் ஒரே பேரினம். நிழலுக்கு வெள்வேலம். அதன் காய்களை ஆடு தின்று, புழுக்கையோடு விதையைப் பரப்பும். (பட்டைச் சாராயம் என்ற பெயருக்குக் காரணமான பட்டையும் இந்த மரத்துடையதுதான்.)

மூன்றாவது, கொழுக்கட்டைப் புல். கோடையில் செத்தது போலக் கிடக்கும்; ஒரு மழை பெய்தால் அடித்தூரிலிருந்து தளிர்க்கும்.

இதே புல்லுக்கு உலகத்தின் வேறு மூலைகளில் கெட்ட பெயர். அமெரிக்காவின் அரிசோனாவுக்கு மாட்டுத் தீவனமாகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். அது பாலைவனத்துக்குள் பரவி, காய்ந்து, தீயைக் கூட்டியது. நூறு ஆண்டுக்கும் மேல் வாழும் சகுவாரோ கள்ளிகள் தீயைத் தாங்கும் செடிகள் அல்ல. இப்போது தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய் இந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இது களை என்றே அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஏன் அப்படி ஆகவில்லை? ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இந்தப் புல்லுக்குச் சொந்த மண். அதோடு, மாடும் ஆடும் கடித்துக்கொண்டே இருப்பதால் எரிவதற்குக் காய்ந்த புல் குவிவதில்லை. ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் வேலிப்படலைச் சாத்திவிட்டு, அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். முதல் காடு ஓய்வெடுக்கும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது உலகமே பேசிய நாட்டு மாடுகளில் காங்கேயமும் ஒன்று. பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் தாண்டினால் சாம்பல் நிறம் ஏறும். இந்த இனம் உருவானது கொறங்காட்டில்தான். மாட்டைக் காப்பாற்ற மீம் போட்ட அளவுக்கு அது மேயும் காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று டிராக்டர் வந்து காளைக்கு வேலை குறைந்தது. மேய்க்க ஆள் இல்லை. இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், மாதச் சம்பளம் வருகிறது. அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. காடுகள் காற்றாலைக்கும் சோலாருக்கும் வீட்டு மனைக்கும் கைமாறுகின்றன. கிளுவை இருந்த இடத்தில் கம்பிவேலி வருகிறது. பழைய வேலியைப் பிடுங்க ஜேசிபிக்கு ஒரு நாள் போதும். மறுபடி குச்சி நட்டு அது அடைய வருஷங்கள் ஆகும்.

தீபாவளி மழைக்குப் பிறகு அந்த ரோட்டில் போனால் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்கள். வேலிக்குள் மெத்துமெத்தென்று பஞ்சு போன்ற கதிரோடு ஆடிக்கொண்டிருப்பது அந்தப் புல்தான்.