வாரம் ஒரு மணி நேரம் விளையாடினா 30 வயசுல சம்பளம் கூடுமா? ஜமைக்கா ஆய்வு சொல்வது என்ன?

குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பால் குடிக்குதா? எடை ஏறுதா?" என்பதுதான். தடுப்பூசி அட்டையில் எடை குறிக்கிறார்கள், உயரம் குறிக்கிறார்கள். ஆனால், "இன்னிக்கு குழந்தைகூட யாராவது பேசினீங்களா, விளையாடினீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இரண்டாவது கேள்வியும் சோறு அளவுக்கு முக்கியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில் 1986-87இல் தொடங்கியது. அதில் பங்கேற்ற குழந்தைகள் 30 வயதைத் தாண்டும்வரை ஆய்வாளர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசும் பொருளாதார நிபுணர்களும் மருத்துவர்களும் இன்றும் இந்த ஆய்வைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள்.

அப்படி என்ன செய்தார்கள்? ரிசல்ட் என்ன? நமக்கு இதுல என்ன இருக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

129 குழந்தைகள், 4 குழுக்கள்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஏழைகள் வாழும் பகுதிகளில் இருந்து 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள். எல்லோருமே வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நீண்ட நாள் ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளம் இது. எடை இன்றைக்குக் குறைந்து நாளைக்கு ஏறலாம். உயரம் குறைந்தால், பல மாதங்களாகவே உடம்புக்குத் தேவையானது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரிகர் தலைமையிலான குழு இந்தக் குழந்தைகளை 4 பிரிவாகப் பிரித்தது. முதல் பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் சத்துமாவு. இரண்டாவது பிரிவுக்கு விளையாட்டு. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவது பிரிவுக்கு இரண்டுமே இல்லை. யாருக்கு எது என்பதை ஆய்வாளர்கள் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில்தான் முடிவானது. அதனால்தான் பிறகு தெரிந்த வித்தியாசங்களை "அந்த வீட்டு அம்மா படிச்சவங்க, அதான்" என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

விளையாட்டு என்றால் பெரிய செட்டப் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். சுமார் ஒரு மணி நேரம் இருப்பார். காலி டப்பா, அட்டை, துணி போன்றவற்றில் செய்த பொம்மைகளைக் கொண்டுவருவார். அவர் குழந்தையோடு விளையாடுவதோடு, அம்மாவை விளையாட வைப்பார் என்பதுதான் இதில் முக்கியம். "இதுக்கு என்ன பேருன்னு சொல்லுங்க", "அவன் காட்டுறதை நீங்களும் பாருங்க", "செஞ்சு முடிச்சா பாராட்டுங்க" என்கிற மாதிரி. பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு பொம்மையோடு வருவார். இப்படி 2 வருடம்.

முதல் ரிசல்ட்: இரண்டுமே பலன் தந்தது

2 வருட முடிவில் சத்துமாவு பெற்ற குழந்தைகளும் முன்னேறியிருந்தார்கள், விளையாட்டு கிடைத்த குழந்தைகளும் முன்னேறியிருந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்கள், வளர்ச்சி குறையாத சாதாரணக் குழந்தைகளை அறிவுத்திறன் சோதனையில் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டார்கள். 1991இல் 'லேன்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

அதோடு முடிந்திருந்தால் இது நூற்றில் ஒரு ஆய்வாகப் போயிருக்கும். சுவாரசியமான பகுதி அதற்குப் பிறகுதான்.

குழந்தைகள் பள்ளி வயதை அடைந்தபோது சத்துமாவின் பலன் மங்கத் தொடங்கியது. 11 வயதில் பார்த்தபோது விளையாட்டுப் பிரிவின் பலன் மட்டும்தான் நிலைத்திருந்தது. 17 வயதில் அவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் கூடுதல், பள்ளியை விட்டு நிற்பது குறைவு, பதற்றமும் மனச்சோர்வும் குறைவு. 22 வயதில் வன்முறை நடத்தைகளும் குறைவாக இருந்தன.

22 வயதில் அவர்களின் வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். விளையாட்டு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25% அதிகம் சம்பாதித்தார்கள். பொருளாதார நிபுணர் பால் கெர்ட்லர், நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் 2014இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். 31 வயதில் மறுபடி பார்த்தபோது இடைவெளி இன்னும் கூடியிருந்தது: மணிக்கூலியில் 43%, மொத்த வருமானத்தில் 37%.

2 வருடம், வாரம் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் சுமார் 100 மணி நேரம். ஆனால் அந்த 100 மணி நேரம் மட்டும் இவ்வளவும் செய்யவில்லை. பணியாளர் போன பிறகும் அம்மா பேசினார், விளையாடினார். பழக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆய்வாளர்கள் நம்பியதும் இதைத்தான்.

அப்போ சோறு முக்கியம் இல்லையா?

அப்படி எடுத்துக்கொண்டால் தப்பு. ஜமைக்காவில் சத்துமாவு தாமதமாக, அதாவது வளர்ச்சி ஏற்கெனவே குறைந்த பிறகு தொடங்கியது. குழந்தைக்கென்று கொடுத்தது வீட்டில் மற்றவர்களுக்கும் பங்கு போயிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மத்திய அமெரிக்காவின் குவாட்டமாலா. அங்கே 1969 முதல் 1977 வரை 2 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் புரதம் நிறைந்த 'அடோலே' கஞ்சி கொடுத்தார்கள். வேறு 2 கிராமங்களில் புரதம் இல்லாத இனிப்பு பானம். 3 வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண் குழந்தைகள் பெரியவர்களானபோது அவர்களின் மணிக்கூலி 46% அதிகம் இருந்தது.

ஆக, சரியான நேரத்தில் கிடைக்கும் சாப்பாடும் வாழ்நாள் முழுக்கப் பேசும். மனித மூளை முதல் 2 வயதுக்குள்ளேயே பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 80%ஐ எட்டிவிடுகிறது. அந்த வேகத்துக்குச் சத்து வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்தச் சத்தில் வளரும் மூளைக்கு வேலையும் வேண்டும். குழந்தை ஒரு சத்தம் எழுப்புகிறது, யாரோ திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் வேலை.

பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால்?

ருமேனியாவில் அதுதான் நடந்தது. சௌசெஸ்கு ஆட்சிக் காலத்தில் நிரம்பி வழிந்த குழந்தைகள் காப்பகங்கள், ஆட்சி கவிழ்ந்த பிறகும் தொடர்ந்தன. அங்கே குழந்தைகளுக்குச் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு. ஆனால் அழுதால் தூக்க ஒருவர் இல்லை. இருப்பவர்களும் ஷிஃப்ட் முறையில் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

தலைநகர் புக்கரெஸ்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புப் பெற்றோர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் சோதித்தபோது காப்பகத்தில் தொடர்ந்தவர்களின் சராசரி ஐக்யூ 73. வீடுகளுக்குப் போனவர்களுக்கு 81. சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகளுக்கு 109. 2 வயதுக்கு முன்பே வீடு கிடைத்தவர்கள் அதிகம் மீண்டார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு தகவல் உண்டு. வீடு கிடைத்த குழந்தைகளின் உயரமும் எடையும்கூட முதல் ஒரு வருடத்துக்குள் வேகமாக ஏறின. அன்பான கவனிப்பு மனசுக்கு மட்டும்தான், சாப்பாடு உடம்புக்கு மட்டும்தான் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடு குழந்தைக்குத் தெரியாது. அறிவு, உடல், சமூகப் பழக்கம் மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் வளர்கின்றன.

இந்த ஆய்வுகளை அப்படியே நம்பலாமா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஜமைக்கா ஆய்வில் இருந்தது 129 பேர். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் 43% என்ற எண்ணை எல்லா நாட்டுக்கும் பொருத்திவிட முடியாது.

கொலம்பியாவில் இதே முறையை 96 சிறு நகரங்களில், 1,420 குழந்தைகளிடம் முயன்றார்கள். 18 மாத முடிவில் அறிவுத்திறனும் மொழித்திறனும் முன்னேறின. ஆனால் 2 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. அதாவது, ஒரு தடவை கொடுத்தால் போதும், குழந்தை தானாக மேலே போய்விடும் என்று எந்த ஆய்வும் உத்தரவாதம் தரவில்லை. தொடர்ச்சி வேண்டும்.

இந்தியாவில் ஒடிசாவிலும் சோதித்தார்கள். அங்கே கிராமங்களில் வீடு வீடாகப் போவதோடு, அம்மாக்களையும் குழந்தைகளையும் சின்னக் குழுவாக ஓரிடத்தில் கூட்டி வாரம் ஒருமுறை விளையாட வைப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமமான பலனைத் தந்தன. குழு முறைக்குச் செலவு குறைவு. அரசுத் திட்டம் போடுபவர்களுக்கு இது நல்ல செய்தி.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

குழந்தைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் எட்டியது 2 முதல் 9 வயது வரையிலான கிராமப்புறக் குழந்தைகளைத்தான். தேசிய குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்றுப்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25%. தேசிய சராசரியைவிடப் பரவாயில்லை. ஆனாலும் நாலில் ஒரு குழந்தை!

விளையாட்டும் பேச்சும் எந்த அளவுக்குக் கிடைக்கின்றன? ஒரு அங்கன்வாடிப் பணியாளரின் நாளைப் பாருங்கள். எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், கர்ப்பிணிகளைக் கவனிக்கணும், பதிவேடு எழுதணும், செயலியில் ஏற்றணும். இதற்கு நடுவில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும்.

கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட 3 பொருளாதார ஆய்வாளர்கள் இங்கேதான் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: கூடுதலாக ஒரு ஆள் போட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்கு ஒரு பணியாளரைச் சேர்த்தார்கள். அவருக்கு ஒரே வேலை: குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது.

18 மாதத்தில் அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகளின் மதிப்பெண் கூடியது; மொழியில் இன்னும் அதிகம். அதோடு, வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குச் சத்துணவு, சுகாதார வேலைகளுக்கு நேரம் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். செலவைப்போல 13 முதல் 21 மடங்கு பலன் கிடைக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நம்ம வீட்டுல என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் குழந்தை வளர்ப்புக்கு 5 தேவைகளைப் பட்டியலிட்டன: ஆரோக்கியம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, கற்கும் வாய்ப்பு, குழந்தையின் தேவை அறிந்து பதில் தரும் கவனிப்பு. கடைசி இரண்டுக்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

• விலை உயர்ந்த 'பிரெய்ன்' பொம்மை வேண்டாம். மூடி போட்ட டப்பா, கரண்டி, கிண்ணம் போதும். ஜமைக்காவில் வேலை செய்தது இந்த மாதிரிப் பொருள்கள்தான்.

• குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, துணி மடிக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தனியாக நேரம் ஒதுக்க முடியாத வேலைநாட்களுக்கு இதுதான் வழி.

• குழந்தை விரலை நீட்டினால், அது காட்டுவதைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். நீங்கள் காட்டுவதைவிட, அது காட்டுவதில்தான் அதன் கவனம் இருக்கும்.

• போன் கொடுத்துச் சோறு ஊட்டுவது எளிது. ஆனால் போன் குழந்தைக்குத் திருப்பிப் பதில் சொல்லாது. 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

• அம்மா மட்டும்தான் என்றில்லை. அப்பா, பாட்டி, தாத்தா, சித்தி யாராக இருந்தாலும் சரி. தினமும் வரும் முகமாக இருந்தால் நல்லது.

வேலைக்குப் போகும் பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் விழ வேண்டியதில்லை. ஜமைக்கா அம்மாக்களும் வசதியானவர்கள் இல்லை, நேரம் நிறைய இருந்தவர்களும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது வாரம் ஒருமுறை கதவைத் தட்டி, "இப்படிச் செஞ்சு பாருங்க" என்று சொன்ன ஒரு ஆள். அந்த ஆளை எல்லா வீட்டுக்கும் அனுப்புவது பெற்றோரால் முடிகிற காரியம் இல்லை, அரசின் வேலை.

அடுத்த தடவை உங்கள் பகுதி அங்கன்வாடிக்கோ, பிள்ளையை விடும் கிரெஷுக்கோ போனால், "சாப்பிட்டானா?" என்பதோடு இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: இங்கே எத்தனை குழந்தைக்கு ஒரு ஆள்? அவருக்குக் குழந்தையோடு உட்கார்ந்து பேச ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது?