மதில் நகரில் முதற் பகல்

கொலம்பியாவின் கரீபியன் கரையிலுள்ள கார்த்தஹேனா நகரைத் தனியே சுற்றிப்பார்க்க விரும்புவோர் காலை ஏழு மணிக்கே புறப்படுதல் நன்று. பத்து மணியானால் வெக்கை தாங்காது. கல்மதிலே அனல் வீசும். ஸ்பானியர் 1533இல் நிறுவிய இத்துறைமுக நகரின் கோட்டைகளையும் மதில்களையும் யுனெஸ்கோ 1984இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மணிக்கூட்டுக் கோபுர வாயிலால் உள்ளே நுழைந்தோம். எதிரே வண்டிச் சதுக்கம். அதன் வளைவு மண்டபத்தின் கீழ் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் கிண்டிய பண்டங்களை விற்கிறார்கள். புளியுருண்டையுமுண்டு, எம்மவர் எவரும் அவ்விடத்தில் ஒருகணம் நிற்கவே செய்வர்! ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மக்கள் விலைகூறப்பட்டதும் இதே சதுக்கத்திலேதான்.

அங்கிருந்து தெருக்களுள் இறங்கினால், பன்னிறப் பாவாடையணிந்து தலையிற் பழத்தட்டுச் சுமக்கும் பெண்களைக் காணலாம். பயணிகள் காசு கொடுத்துப் படம்பிடித்துச் செல்கிறார்கள். அவர்களது ஊரைக் கேட்போர் சிலரே.

ஊரின் பெயர் சான் பசிலியோ தெ பலெங்கே. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், தப்பியோடிய அடிமைகள் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த குடியிருப்பு. அவர்களின் தலைவன் பெங்கோஸ் பியோஹோவை ஸ்பானியர் 1621இல் கொன்றனர். ஊரை அழிக்க இயலவில்லை. ஸ்பானியச் சொற்களோடு கொங்கோ நாட்டு மொழியின் கூறுகள் கலந்த தனிமொழியொன்று அங்கே வழங்குகிறது. நகரத்தார் எள்ளியதால் பெற்றோர் பலர் அதனைப் பிள்ளைகளுடன் பேசாது விட்டிருந்தனர். இப்போது ஊர்ப் பாடசாலையிலே அது ஒரு பாடம்.