மணவிலக்கில் இணையர் கையொப்பமிடும் ஒப்பந்தங்கள்: மலேசியச் சட்டப் பின்னணியில் ஒரு விளக்கம்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்துள்ள சிம்பாங் அம்பாட் போன்ற சிற்றூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும், மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட ஆவணம் கைக்கு வந்தால் அதன் பொருளைக் கேட்டறியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரை நாடுவோர் உண்டு. மணவிலக்கு தொடர்பான ஆவணமும் அவ்வாறு ஆசிரியரிடம் வந்து சேரலாம். அந்நிலையில், “இது ஓர் ஒப்பந்தம்” என்று மட்டும் கூறுவது போதுமான விளக்கமாகாது. தன்மையாலும் பயனாலும் வேறுபட்ட மூன்று ஆவணங்களை மக்கள் ஒப்பந்தம் என்னும் ஒரே சொல்லால் குறிப்பதே பல குழப்பங்களுக்குக் காரணமாகிறது. அம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

1. பங்கேற்பு ஒப்பந்தம்

வழக்காடாமல், இரு தரப்பினரும் அவரவர் வழக்கறிஞருடன் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்வு காணும் முறையைக் கூட்டிணக்க மணவிலக்கு எனலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநில வழக்கறிஞர் ஸ்டூவர்ட் வெப் 1990ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கினார். பின்னர், 2009இல் இதற்கென மாதிரிச் சட்டம் ஒன்று அந்நாட்டில் வரையப்பட்டது.

இம்முறையில் இணையர் முதலில் கையொப்பமிடுவது பங்கேற்பு ஒப்பந்தமாகும். சொத்தை யார் பெறுவது, பிள்ளை யாரிடம் வளர்வது என்பன அதில் இடம்பெறுவதில்லை. எவ்வாறு பேசப் போகிறோம் என்பதையே அது வரையறுக்கிறது. வருமானம், சேமிப்பு, கடன் ஆகியவற்றை மறைக்காமல் வெளியிடுதல், பேச்சில் வெளிப்பட்டவற்றை இரகசியமாகக் காத்தல், மதிப்பீட்டாளர் போன்ற வல்லுநர்களைப் பொதுவாக அமர்த்துதல் ஆகியன அதன் வழக்கமான கூறுகள். இவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றம் சென்றால், இரு வழக்கறிஞர்களும் விலகிவிட வேண்டும். தீர்வு காணும் ஊக்கத்தை இவ்விதி வழக்கறிஞருக்கும் அளிக்கிறது. எனினும், பேச்சு தோற்றால் புதிய வழக்கறிஞருக்கு மீண்டும் செலவிட வேண்டிய சுமை இணையரையே சாரும். குறைந்த வருமானம் உடையவர் கையொப்பமிடுமுன் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியாவில் இம்முறைக்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆதலால், இத்தகைய ஆவணத்தில் கையொப்பமிட்டதனால் மட்டும் திருமணம் முடிவுக்கு வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

2. தீர்வு ஒப்பந்தம்

பேச்சின் முடிவில் எட்டப்படும் உடன்பாடே தீர்வு ஒப்பந்தம். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், அதாவது சட்டம் 164, 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 52ஆம் பிரிவின்படி, திருமணமாகி ஈராண்டுகள் நிறைவுற்ற இணையர் கூட்டு மனுச் செய்யலாம். ஒருவர் மட்டும் மனுச் செய்யும்போது பொதுவாகத் தேவைப்படும் இணக்கக் குழுக் கட்டம் கூட்டு மனுவிற்குத் தேவையில்லை. ஆகவே, கூட்டிணக்கப் பேச்சின் வழி எட்டப்பட்ட தீர்வு இந்நாட்டில் சென்று சேரக்கூடிய இயல்பான இடம் இக்கூட்டு மனுவே.

ஆயினும், இருவரும் இசைந்தனர் என்பதனாலேயே நீதிமன்றம் மணவிலக்கு வழங்கிவிடுவதில்லை. இருவரின் இசைவும் தன்விருப்பின்பாற்பட்டதா, மனைவிக்கும் பிள்ளைகளின் பராமரிப்பிற்கும் தகுந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதா என்பவற்றில் அது நிறைவடைதல் வேண்டும்.

3. நீதிமன்ற ஆணை

மணவிலக்கு வழங்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திற்கே உண்டு. சிம்பாங் அம்பாட் இணையர்க்கு அது ஆயர் கெரோவில் உள்ள மலாக்கா நீதிமன்ற வளாகத்தில் அமைந்துள்ளது. முதலில் இடைக்கால ஆணை பிறப்பிக்கப்படும். நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலன்றி, மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முற்றான ஆணையாகும். அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவியரே. மறுமணம் செய்ய எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

4. எவை மாறும், எவை மாறா?

“கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்னும் எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. இது பாதி உண்மையே.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், பிள்ளையின் நலன் கருதி அதனை மாற்றும் அதிகாரத்தை 97ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு வழங்குகிறது. “இனிப் பிள்ளைக்குப் பணம் கேட்கமாட்டேன்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டுவிடுவதில்லை. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளையின் பராமரிப்பு உயர்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை நீளவும் இடமுண்டு. மனைவியின் வாழ்க்கைப்படியை எடுத்துக்கொண்டால், எதிர்காலக் கோரிக்கைகள் அனைத்திற்கும் ஈடாக ஒரே தொகையைப் பெறும் ஒப்பந்தம், 80ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் ஒப்புதல் கிடைக்கும்வரை செல்லாது. சூழ்நிலை பெரிதும் மாறினால், வாழ்க்கைப்படி ஒப்பந்தத்தைத் திருத்த 84ஆம் பிரிவு வழிசெய்கிறது.

சொத்துப் பங்கீட்டின் நிலையோ வேறு. அதற்கு இத்தகைய மறுதிருத்தப் பிரிவினை இச்சட்டம் தனியே வகுக்கவில்லை. எனவே, கையொப்பத்திற்கு முன்னர் மிகுந்த கவனம் தேவைப்படுவது இப்பகுதியிலேயே. 76ஆம் பிரிவு, வீட்டைப் பேணிக் குடும்பத்தைக் கவனித்தவரின் பங்களிப்பையும் கணக்கில் கொள்ளுமாறு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. சமப் பங்கீட்டின் பக்கம் சாயுமாறும் கூறுகிறது. சம்பளம் பெறாத இல்லத்தரசி, “என் பெயரில் ஒன்றுமில்லை, ஆகவே எனக்குப் பங்கில்லை” எனக் கருதி உரிமையை விட்டுக்கொடுத்தல், சட்டம் அளித்ததை அறியாமையால் இழப்பதாகும்.

முடிவுரை

மலாயாத் தமிழரின் வரலாற்றில் ஒப்பந்தம் என்னும் சொல்லுக்குக் கசப்பான நினைவுண்டு. தாம் படிக்க இயலாத தாளில் கைநாட்டிட்டுக் கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் இந்நாட்டில் வாழ்கின்றனர். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. படிக்க இயலாத தாளில் கையொப்பமிடும் நிலையோ இன்னும் முற்றாக ஒழியவில்லை. சட்ட ஆலோசனை கூறுதல் ஆசிரியரின் பணியன்று. அது வழக்கறிஞருக்கே உரியது. ஆயினும், தம்மிடம் வந்த தாள் பங்கேற்பு ஒப்பந்தமா, தீர்வு ஒப்பந்தமா, நீதிமன்ற ஆணையா என்று பிரித்துக் காட்டவும், சொத்துப் பகுதியைக் கையொப்பத்திற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளியுமாறு அறிவுறுத்தவும் ஆசிரியரால் இயலும். இம்மூன்றையும் தனித்தனியே குறிக்கும் தமிழ்ச் சொற்களை வழக்கில் நிலைபெறச் செய்தலும் தமிழ்க் கல்வியாளரின் கடமையேயாகும்.