பிட் தெருவின் அக்கம்பக்கம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே செல்கிறது மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. பழைய பெயர் பிட் தெரு. ஆங்கிலிக்கன் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், தமிழரின் மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் ஆகிய நான்கும் இங்கே அரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நிதானமாக நடக்கும் பயணிக்குப் பத்து நிமிட வழி.

இந்த நெருக்கத்துக்குக் காரணம் வியாபாரம். 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் தீவைக் கைக்கொண்டபோது குடியேற ஆட்கள் தேவைப்பட்டார்கள். காட்டை வெட்டித் திருத்துகிறவருக்கே நிலம், துறைமுகத்தில் சுங்கமில்லை என்று அவர் ஆசை காட்டினார். ஹொக்கியன் சீனர், கான்டன் சீனர், சுமத்ராவின் ஆச்சே வணிகர், சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் எனப் பலரும் வந்தனர். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒவ்வொரு கூட்டமும் தன் கடைக்குப் பக்கத்திலேயே வழிபாட்டுக்கு இடம் தேடிக்கொண்டது.

வடக்கு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-ல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைத் தூண்களும் கூர்கோபுரமும் முழுக்க ஐரோப்பியப் பாணிதான். ஆனால் கல்லும் சாந்தும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை.

சற்றுத் தள்ளி, 1800 வாக்கில் எழுந்த குவான் யின் கோயில். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. முற்றத்தில் ஆள் உயர ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும். சீன நாட்காட்டியின் இரண்டாம், ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் பத்தொன்பதாம் நாள் அம்மனுக்குத் திருநாள். குவான் யின்னை வழிபடும் சீனர் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அடுத்த கோயிலுக்குப் போகும் தமிழரும் அப்படியே. இரு வீட்டாரையும் ஒரே விருந்துக்கு அழைப்பவருக்கு இது பெரிய சௌகரியம்.

மாரியம்மன் கோயில் 1833-ல் அமைந்தது. ராஜகோபுரம் குயின் தெருவைப் பார்த்திருக்க, பின்புறம் பிட் தெருவைத் தொடுகிறது. கோயில்களின் உறவு முழுதாகத் தெரிவது தைப்பூசத்தில். பினாங்குத் தெருவில் உள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 1894-ல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ரதம் அது. வழியெங்கும் சீனக் குடும்பங்களும் சீன வியாபாரிகளும் தேங்காய்களை மலைபோல் குவித்து, மேலே ஊதுவத்தி செருகி வைத்துக் காத்திருக்கிறார்கள். ரதம் நெருங்கியதும் ஆளுக்கு இரண்டு காயாக எடுத்து ஓங்கி அடிக்கிறார்கள். தார்ச் சாலையில் தேங்காய்த் தண்ணீர் வழிந்தோடும். ஓடும் நாருமாகக் கிடப்பதை அள்ள இயந்திரமே வர வேண்டும். சிதறுகாய் நம் வழக்கம், ஊதுவத்தி அவர்கள் வழக்கம். இரண்டையும் ஒரே குவியலில் வைக்க அவர்கள் யாரையும் அனுமதி கேட்கவில்லை. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறையும் காட்சி அது.

தெருவுக்கு இன்று பெயர் தந்திருப்பது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா சமூகத்தின் தலைவர் காதர் முகைதீன் 1801-ல் நிறுவியது. கம்பெனி இதற்கு 18 ஏக்கர் நிலம் தந்தது. சுற்றுவட்டாரத்தில் நகைக்கடைகளும் நாணய மாற்றுக் கடைகளும் நாசி கண்டார் கடைகளும் உள்ளன. கண்டார் என்பது சுமைத்தண்டு, காவடியேதான். ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள் என்று தோளில் தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறு விற்றார்கள். இன்று அதே சோற்றுக்காக மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். "பஞ்சிர்" என்றால் போதும். நாலைந்து குழம்புகளைச் சோறு மூழ்க ஊற்றித் தருவார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள்.

பகிர்ந்துகொள்ளாதவையும் உண்டு. மலேசியாவில் முஸ்லிமை மணப்பவர் இஸ்லாத்துக்கு மாறியாக வேண்டும் என்பது சட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்து காதலித்தவர்களுக்கு அது எளிய விஷயமல்ல. பூசலும் நடந்திருக்கிறது. 1867 ஆகஸ்டில் நகரத்தில் பத்து நாட்கள் போல் கலவரம். கீ ஹின், தோ பெக் கோங் என்னும் இரு சீன ரகசியச் சங்கங்கள் மோதின. முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கம் கீ ஹின்னுடனும், செங்கொடிச் சங்கம் தோ பெக் கோங்குடனும் சேர்ந்தன. ஆக, சீனரைச் சீனரும் முஸ்லிமை முஸ்லிமும் எதிர்த்தார்கள். சமயத்தைவிடத் தொழிலும் அக்கம்பக்கமுமே கட்சியைத் தீர்மானித்தன.

தெருவின் தென்முனையில் கானன் தெருவில் நுழைந்தால் இதற்குக் கண்கண்ட சான்று கிடைக்கிறது. செங்கொடிக்காரர்களின் கோட்டையான ஆச்சே தெருப் பள்ளிவாசலும், தோ பெக் கோங்கின் தூணாக இருந்த கூ குலத்தாரின் கோங்சி மாளிகையும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து உள்ளன. செங்கொடித் தலைவர் சையது முகம்மது அலத்தாஸின் வீடும் பக்கத்து ஆர்மீனியன் தெருவில் இன்றும் நிற்கிறது.