சும்மா இருக்கையில் வரும் நெஞ்சுநோ

மண்வெட்டி பிடிக்கும்போது நெஞ்சு இறுகுவதும், சற்று இருந்தால் ஆறுவதும் இருதய நோயாளருக்குப் பழகிய விடயம். அதே நோ சும்மா இருக்கையிலோ உறக்கத்திலோ வந்தால், அல்லது முன்னரிலும் அடிக்கடி வந்தால், அது ஆபத்தின் அறிகுறி. இருதய நாடியில் படிந்த கொழுப்பு வெடித்து, அங்கே இரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம். நாடி முற்றாக அடைபட்டால் மாரடைப்பு.

இதை வாய்வு என்றெண்ணி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கும் முதியோருக்கும் நோவின்றி வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம்.

நோயாளியை நடக்கவிடாமல் இருத்துவோம். கொண்டச்சி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஆண்டு 1990. இலவச அம்புலன்ஸ் இலக்கமும் 1990. உடனே அழைப்போம். வைத்தியர் முன்பே தந்த குளிசையை நாக்கின்கீழ் வைக்கலாம். ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாம்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தருவார்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், இரத்தப் பரிசோதனைகள் முடியுமுன் வீடு திரும்ப அவசரப்பட வேண்டாம்.

புத்தளத்துக்கும் கொண்டச்சிக்குமாகப் போய்வரும் குடும்பங்கள் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எப்போதும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கொப்பி ஓரூரிலும் நோயாளி வேறூரிலும் இருந்தால், வைத்தியர் பழைய வருத்தத்தை அறிவதற்கே நேரம் போய்விடும்.