காந்தத்தின் ஞாபக சக்தி

போன மாதம் வீட்டை ஒழித்தபோது 1986-ஆம் வருடத்துக் காஸெட் ஒன்று அகப்பட்டது. என் பெண் பிறந்த சமயம் ஊரிலிருந்து அம்மா பாடி அனுப்பிய தாலாட்டு. கிர்க்கி வீட்டில் அது பல வருடம் ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே கிடந்தது. போட்டுப் பார்த்தால் இரைச்சல்தான்; நடுவில் இரண்டு வரி மட்டும் மிச்சம். "கொள்ளுப்பாட்டி எங்கே போயிட்டா தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

நியாயமான கேள்விதான். நாடாவில் பூசியிருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதுதான் பாட்டு. கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கிலும் இதே சங்கதிதான். துகள்தான் மிக மிகச் சிறியது.

ஒரு காந்தத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள லக்ஷ்மி ரோட்டில் கணபதி ஊர்வலக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆள் எங்கே பார்க்கிறாரோ அங்கேயே நாமும் பார்ப்போம். அணுக் காந்தங்களும் அப்படியே. இது பக்கத்து வீட்டு உறவு, தூரம் போகாது. ஆனால் கூட்டத்தின் நெரிசல் கோடியில் நிற்பவரையும் தள்ளுமல்லவா? காந்தப்புலம் அந்த மாதிரி. ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் பாதிக்கிறது. கணிப்பொறியைத் திணற அடிப்பது இந்த இரண்டாவது சமாசாரம்தான்.

எவ்வளவு திணறல்? ஒரு மைக்ரான் நீளம், ஒரு மைக்ரான் அகலம், 20 நானோமீட்டர் கனமுள்ள காந்தத் தகட்டை 5 நானோமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 1,60,000 கட்டங்கள் வரும். ஒவ்வொன்றும் மற்றவற்றின் மேல் செலுத்தும் விசையைக் கணக்கிட 2,560 கோடிப் பெருக்கல் வரிசைகள். இது ஒரே ஒரு கணத்துக்கு! காந்தம் திரும்பும்போது பம்பரம் போலத் தலையாட்டிக்கொண்டே திரும்பும். அதற்கான சமன்பாட்டை 1935-ல் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் எழுதினார்கள். அந்த ஆட்டத்தைத் தவறவிடாமல் பிடிக்க ஒரு நானோ செகண்டையே சில சமயம் பத்தாயிரம் துண்டாக நறுக்க வேண்டியிருக்கும். ஃபூரியே மாற்றம் என்ற கணித உபாயத்தால் வேலையை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டு வரலாம். அப்படியும் நிஜமான கருவி என்றால் கட்டங்கள் கோடிக்கணக்கில் போகும்.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. 1980-களில் நாம் கேட்ட சக்திவாய்ந்த க்ரே கணிப்பொறியை அமெரிக்கா தர மறுத்தது. 1988-ல் புனேயில் ஸி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வெளிவந்தது. ஒரே ராட்சஸ மூளைக்குப் பதிலாக டிரான்ஸ்ப்யூட்டர் என்னும் சின்னச் சின்ன மூளைகளைச் சேர்த்துக் கட்டியது. கல்யாணச் சமையலில் ஒருவர் காய் நறுக்க, ஒருவர் தேங்காய் துருவுவதைப் போல வேலையைப் பங்கு போடுவது. காந்தத் தகட்டையும் அப்படிப் பகிரலாம். ஆனால் ஒவ்வொரு அடியிலும் எல்லோரும் எல்லோரிடமும் பேசியாக வேண்டும். கணக்கைவிடப் பேச்சுக்கே நேரம் போய்விடும். சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் வேகம் வேகம் என்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பாதி சாமர்த்தியம் இந்தப் பேச்சைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

பிறகு 2007-ல் டாட்டாக்களின் ஏகா இதே புனேயிலிருந்து உலகப் பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. 2019-ல் பாஷாணில் உள்ள ஐஸர் கல்லூரிக்குப் பரம் பிரம்மா வந்தது. இன்று சுமாரான தகட்டுக் கணக்கு ஒரு கிராஃபிக்ஸ் அட்டையிலேயே ஓடிவிடுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? துகள் சிறுத்தால் நிறையச் செய்தி அடங்கும். ஆனால் வெப்பம் அதை உலுக்கிப் புரட்டிவிடும். புரள்வதற்குத் தாண்ட வேண்டிய மேடு, வெப்பத்தின் ஆற்றலைப் போல் 60 மடங்கு இருந்தால், செகண்டுக்கு நூறு கோடி தடவை முட்டிப் பார்த்தாலும் சராசரி 360 கோடி வருடம் தாங்கும். துகளைப் பாதியாக்கினால் மேடு 30 மடங்காகும். அப்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்கிறீர்கள்? மூன்று மணி நேரம்! என் பேரன் நம்பவில்லை. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான். ஒரு டிஸ்க் பத்து வருடம் தாங்குமா என்று கணிப்பொறியில் பத்து வருடம் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே மேட்டின் உயரத்தை மட்டும் கண்டுபிடித்து, ஆயுளைக் கணக்கிட்டு, பிறகே உலோகக் கலவையைத் தீர்மானிக்கிறார்கள்.

என் காஸெட் விஷயத்தில் வெப்பத்தின் மேல் பழி போட வழியில்லை. அந்தத் துகள்கள் பெரியவை, நன்றாகவே தாங்கும். ஸ்பீக்கருக்குள் இருந்த காந்தம்தான் மெல்ல மெல்ல அவற்றைத் தன் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். அதன் மேல் கொண்டுபோய் வைத்தவன் நான். புரண்ட துகள் முன்பு எந்தப் பக்கம் பார்த்தது என்பதை எந்தப் பரமும் சொல்லாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஊர்க்குரல்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வேறு பிரதி செய்துவிடுங்கள். மிச்சமிருந்த இரண்டு வரியைப் பேரன் தன் போனில் பதிந்துகொண்டான். அதில் பாட்டைச் சேமிப்பது காந்தமல்ல, மின்னூட்டம். அதற்கும் ஆயுள் உண்டு என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.