ஒரே சீசன், ரெண்டு டீம்: சென்னையின் எஃப்சியின் 2019–20 கணக்கு

இந்த எபிசோட்ல ஃபுட்பால் பேசப் போறோம். சிஎஸ்கே ரசிகர்கள் யாரும் ஓடிடாதீங்க. பாயின்ட்ஸ் டேபிள் படிக்கத் தெரிஞ்சா போதும், மீதி எல்லாம் புரியும்.

"சீசன் எப்படிடா போச்சு?"ன்னு கேட்டா, "பரவால்ல, ஏதோ போச்சு"ன்னு பதில் வர்ற சீசன்கள் சில உண்டு. நம்ம ஊர் சென்னையின் எஃப்சியோட 2019–20 சீசனைப் பேப்பர்ல பார்த்தா அப்படித்தான் தெரியும். 18 லீக் மேட்ச், 8 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. 29 புள்ளி, நாலாவது இடம். ஆனா அந்த 18 மேட்ச்சையும் வரிசையா வெச்சுப் பார்த்தா, "பரவால்ல"ன்னு சொல்ற மாதிரி ஒரு வாரம்கூட அதுல இல்லை. ஒண்ணு படு மோசம், இல்லைன்னா அட்டகாசம்.

முதல்ல கொஞ்சம் முன்கதை. 2015-ல ஐஎஸ்எல் சாம்பியன். 2018 மார்ச் 17-ல பெங்களூரு டீமை அவங்க ஊர்லயே 3–2ன்னு ஜெயிச்சு ரெண்டாவது தடவை சாம்பியன். அதுக்கு அடுத்த சீசன்? 10 டீம்ல 10வது. 18 மேட்ச்ல 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, மொத்தம் 9 புள்ளி. இந்த 9-ஐ ஞாபகத்துல வெச்சுக்கோங்க, திரும்ப வரும். அதே 2018–19-ல சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. பேர்ல சென்னை இருந்தாலும், அவங்க ஹோம் மேட்ச் ஆடினது கோயம்புத்தூர்ல. சென்னைக்காரன் எதுக்குச் சந்தோஷப்படுறது, எதுக்கு அழுறதுன்னே தெரியாத வருஷம் அது.

இங்க ஒரு விஷயம் விளக்கணும். இங்கிலாந்து பிரீமியர் லீக்ல கடைசி மூணு இடத்துல முடிச்சா அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறக்கிடுவாங்க. அப்போ ஐஎஸ்எல்ல அந்த விதி கிடையாது. கடைசியா வந்தாலும் அடுத்த சீசன் அதே லீக், அதே இடம். அப்போ கடைசி இடத்துக்கான விலையை யார் கொடுக்கிறது? ரசிகன்தான். மயிலாப்பூர்ல இருந்து போறவங்களுக்குத் தெரியும். திருமயிலைல பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கம் கிரவுண்டைத் தாண்டிப் போய், பார்க் டவுன்ல இறங்கி, சென்ட்ரல் கூட்டத்துக்குள்ள புகுந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடக்கணும். தோக்குற டீமுக்காக வேலை நாள் ராத்திரி இதைச் செய்யறதுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா? அந்தக் காரணம் இன்னும் இருக்கா இல்லையா என்பதுதான் 2019–20 தொடங்கும்போது எங்களுக்கு இருந்த கேள்வி.

ஆரம்பம் பயங்கரம். கோவாகிட்ட 0–3. மும்பையோட 0–0. கொல்கத்தாவின் ஏடிகே-கிட்ட 0–1. பெங்களூருகிட்ட 0–3. நாலு மேட்ச், ஒரு கோல்கூட இல்லை. அஞ்சாவது மேட்ச், நவம்பர் 25, ஹைதராபாத்தோட நம்ம ஊர்ல. 90 நிமிஷமும் முடிஞ்சு 0–0. இன்ஜுரி டைம்ல ஆண்ட்ரே ஷெம்ப்ரி சீசனோட முதல் கோலை அடிச்சார். ஹைதராபாத் உடனே சமன் பண்ணுச்சு. உடனே நெரியஸ் வால்ஸ்கிஸ் இன்னொண்ணு. 2–1. அடுத்து ஒடிசாவோட 2–2. அதோட, நமக்கு 2018 கோப்பையைக் கொடுத்த கோச் ஜான் கிரெகரி விலகினார். டிசம்பர்ல ஓவன் கோய்ல் வந்தார்.

"புது கோச் வந்தார், டீம் மாறிடுச்சு"ன்னு சொல்றது ஈஸி. ஆனா கணக்கு அப்படிச் சொல்லலை. கிரெகரியோட 6 மேட்ச்ல 5 புள்ளி. கோய்லோட முதல் 4 மேட்ச்ல 4 புள்ளி: ஜாம்ஷெட்பூரோட 1–1, கேரளா பிளாஸ்டர்ஸ் மேல 3–1 வெற்றி, கோவாகிட்ட 3–4 தோல்வி, ஒடிசாகிட்ட 0–2 தோல்வி. சராசரி எடுத்தா ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பத்து மேட்ச் முடிஞ்சப்போ நம்ம கையில மொத்தம் 9 புள்ளி. முந்தின சீசன் முழுக்க எடுத்த அதே 9.

அந்த ஜனவரி 6-ஆம் தேதி ராத்திரி புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவங்க, "இந்த வருஷமும் அவ்ளோதான்"ன்னு சொல்லியிருப்பாங்க. ஆனா வேற ஒரு நம்பர் ஏற்கெனவே மாற ஆரம்பிச்சிருந்தது. கிரெகரியோட 6 மேட்ச்ல 4 கோல். கோய்லோட 4 மேட்ச்ல 7 கோல். டீம் தோத்துட்டுத்தான் இருந்தது, ஆனா கோல் வாய்ப்புகளை உருவாக்கிட்டே தோத்தது. நடுவுல ராஃபேல் கிரிவெல்லாரோ, அனிருத் தாப்பா. ஓரத்துல ஓட லாலியன்சுவாலா சாங்தே. முடிக்க வால்ஸ்கிஸ். ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனா பந்து கிடைச்சதும் முன்னாடி ஓட ஆரம்பிச்சாங்க. என் வேலையில சொல்லணும்னா, புள்ளிங்கிறது லேட்டா அப்டேட் ஆகுற டேஷ்போர்டு. கீழே சிஸ்டம் சரியாகிட்டு இருந்தாலும் மேலே கொஞ்ச நாள் சிவப்பாவே காட்டும்.

அப்புறம் நடந்த 8 மேட்ச்சைப் பாருங்க. 6 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. 20 புள்ளி. முதல் 10 மேட்ச்ல 11 கோல் அடிச்சு 18 வாங்கின டீம், கடைசி 8-ல 21 அடிச்சு 8 மட்டும் வாங்குச்சு. பிப்ரவரி 1, கொச்சியில ஒக்பெச்சே ஹாட்ரிக் அடிச்சும் நாம 6–3ன்னு ஜெயிச்சோம். பிப்ரவரி 21, மும்பையில கேப்டன் லூசியன் கோயன் அடிச்ச ஒரே கோல்ல 1–0. பிளேஆஃப் உறுதி.

செமி ஃபைனல்ல கோவா. லீக்ல 39 புள்ளியோட முதல் இடம், நம்மைவிட 10 புள்ளி கூட. சென்னையில 4–1ன்னு ஜெயிச்சு, கோவாவுல 2–4ன்னு தோத்து, ரெண்டையும் கூட்டி 6–5ன்னு உள்ளே போனோம். இது நியாயமா? அஞ்சு மாசம் சீரா ஆடின டீம் வெளியே, ரெண்டு மாசம் நல்லா ஆடின டீம் ஃபைனல்ல. கோவா ரசிகனா இருந்தா நானும் கடுப்பாகியிருப்பேன். ஆனா பிளேஆஃப் கேட்கிற கேள்வி வேற. லீக் "வருஷம் முழுக்க யார் பெஸ்ட்?"ன்னு கேட்கும். பிளேஆஃப் "இப்போ யார் பெஸ்ட்?"ன்னு கேட்கும்.

ஃபைனல் மார்ச் 14, 2020, கோவா ஃபடோர்டா ஸ்டேடியம். கொரோனா காரணமா ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னாடி ஏடிகே 3–1ன்னு ஜெயிச்சது. நம்ம ஒரே கோல் வால்ஸ்கிஸோடது. அவருக்கு அது அந்த சீசனோட 15வது கோல், கோல்டன் பூட்டும் அவருக்குத்தான். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ்னு சீசன் முழுக்கக் கத்தின ஆட்கள் எல்லாரும் வீட்ல டிவி முன்னாடி.

சரி, இந்த ரெண்டு பாதியில எது நிஜ சென்னையின்? "ரெண்டும்தான்"ங்கிறது ஈஸியான பதில். எனக்கு அதைவிட முக்கியமா படுறது, அடுத்து என்ன நடந்ததுங்கிறது. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2020–21-ல நமக்கு 20 மேட்ச்ல 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி, எட்டாவது இடம். அதுக்கு அடுத்த ரெண்டு சீசனும் எட்டாவதுதான். 2023–24-ல கோய்ல் திரும்பி வந்த பிறகுதான் மறுபடியும் பிளேஆஃப் பார்த்தோம்.

அதாவது, கலவையான சீசன்ல கிடைச்ச நல்ல பாதி, தானா அடுத்த வருஷத்துக்கு நகர்ந்து வராது. அதை யாராவது பிடிச்சு வெச்சுக்கணும். கோச், ஸ்ட்ரைக்கர், ஆடுற முறை எல்லாமே கான்ட்ராக்ட்ல நிக்கிற விஷயம். கான்ட்ராக்ட் முடிஞ்சா ஒரே கோடைக்காலத்துல அந்த டீம் கலைஞ்சிடும். அதனால "நல்லா முடிச்சோம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"ன்னு கிளப் சொன்னா, நாம கேட்கவேண்டியது ஒண்ணுதான்: நல்லா முடிச்ச ஆட்கள்ல எத்தனை பேர் அடுத்த வருஷமும் இருக்காங்க? அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு நம்பிக்கை வைக்கலாம்.

உங்க டீம்ல இப்படி ரெண்டா உடைஞ்ச சீசன் எதுன்னு எழுதி அனுப்புங்க. கேரளா ரசிகர்களும் அனுப்பலாம், அந்த 6–3-ஐ இனிமே சொல்லிக் காட்ட மாட்டேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.